பாவாத மலை ஏறிய பயணச் செம்மல் இப்னு பதூதா

நெய்வேலி நகரியத்திற்கு வரும் விருந்தினரை நாம் முதலில் அழைத்துச் செல்வது சுரங்கத்தின் விளிம்பிற்கே. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்த பெரும்பள்ளம்; அதன் மேற்படிகளில் செந்நிற மணலும் களியும்; அடியில் கரும்பழுப்பு நிறத்தில் நிலக்கரிப் படுகை. அப்படுகையில் மரத்தின் இழையோட்டம் மாறாத துண்டுகளும் சிற்சில வேளை கிட்டுவதுண்டு. சில கோடி ஆண்டுகட்கு முன் இவ்விடத்தே கடலையொட்டிய சதுப்பும், அதில் அடர்ந்தோங்கிய வெப்பமண்டலக் காடும் இருந்தன. அக்காடு புதையுண்டு கரியாகி இன்று நம் இல்லங்களில் விளக்காக எரிகின்றது.

அத்தகையதொரு காட்டை உயிரோடும் பசுமையோடும் காண வேண்டும் என்னும் வேட்கை இந்நகரியத்து மாணவர் சிலர்க்கு எழுந்துள்ளது. இலங்கை சென்று கடற்கரையும் மழைக்காடும் கண்டு மீள எண்ணியுள்ளனர். அவர்களுள் எவரும் இதற்கு முன் கடல் கடந்தவரல்லர். எம்மாதத்தில் புறப்படுவது, எவ்வழியே செல்வது, யாரை நம்புவது, எதைக் கையில் கொள்வது என்றெல்லாம் நம்மிடம் வந்து வினவினர். சுரங்கத்தில் முறைப்பணி பார்க்கும் அவர்தம் தந்தையர்க்கோ இச்செலவு தேவைதானா என்னும் ஐயம். இரு சாரார்க்கும் விடையாக நாம் நினைவுகூர்ந்தது ஒருவரது வாழ்க்கையை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகட்கு முன் இதே கடலையும் இதே காட்டையும் முதன்முறையாகக் காணப் புறப்பட்ட அப்பெருமகனார் உலகம் போற்றும் பயணச் செம்மல் இப்னு பதூதா ஆவார். அவர்தம் வரலாறு முழுமையும் கூற இம்மலர் போதாது. நெய்தலும் குறிஞ்சியும் அடுத்தடுத்து அமைந்த அத்தீவுப் பயணங்களையே இங்குச் சற்று விரித்துரைப்போம்.

மொராக்கோ நாட்டின் வடகோடியில், அட்லாண்டிக் பெருங்கடலும் மத்தியதரைக் கடலும் கூடுமிடத்தருகே உள்ள தன்ஜா (தாஞ்சியர்) நகரில் 1304-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அபூ அப்துல்லாஹ் முஹம்மது இப்னு பதூதா பிறந்தார். அவர் குடும்பம் மார்க்கச் சட்டம் பயின்று காஜிகளாக விளங்கிய குடும்பம். 1325 ஜூன் 14-ஆம் நாள், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜுக் கடனை நிறைவேற்றும் நோக்குடன் தனியராய்ப் புறப்பட்டார். உடன்செல்லத் துணையுமில்லை, சேர்ந்து செல்லக் கூட்டமுமில்லை. பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரைப் பின்னாளிலும் அவர் மறந்தாரில்லை. மக்காவுக்குச் சென்று திரும்புவதற்கு ஓரிரண்டு ஆண்டுகள் போதும். அவர் திரும்பியதோ இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1349-இல்.

இடையில் எகிப்து, சிரியா, ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அனத்தோலியா, நடு ஆசியா எனப் பல நாடு கண்டு 1333-ஆம் ஆண்டு சிந்து நதிக்கரை எய்தினார். தில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக அமர்த்தினார். அள்ளிக் கொடுப்பதிலும் கொன்று குவிப்பதிலும் ஒருபோல் விரைந்த அவ்வரசரிடம் சில ஆண்டுகள் பணியாற்றியபின், சீனப் பேரரசருக்குத் தூதராகச் செல்லும் பொறுப்பு வந்தது. பரிசுப் பொருள்களோடு கோழிக்கோடு வந்து மரக்கலம் ஏறுங்கால் நிகழ்ந்ததே அவர் வாழ்வின் பெருந்திருப்பம். ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். இரவில் எழுந்த புயலில் பரிசுகளை ஏற்றியிருந்த பெருங்கலம் உடைந்தது. அவருடைய பொருளையும் பணியாளரையும் ஏற்றியிருந்த சிறுகலமோ அவரை விட்டுவிட்டுப் பாய்விரித்துச் சென்றது. தில்லி திரும்பினால் சுல்தானின் சினத்திற்கு ஆளாக நேரும். முன்னே செல்வதற்கோ கலமில்லை. அவர்பால் எஞ்சியவை பத்துப் பொற்காசுகளும் படுத்துறங்கும் விரிப்பொன்றுமே.

இந்நிலையிலிருந்துதான் அவர் தம் தீவுப் பயணத்தைத் திட்டமிட்டார் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

மாலத்தீவில்

கொல்லம், ஹொன்னாவர், கோவா எனச் சிறிது காலம் மேலைக் கரையில் அலைந்தபின், 1343-ஆம் ஆண்டளவில் மாலத்தீவுகளைக் காணப் புறப்பட்டார். அங்கிருந்து இலங்கை, மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரை, வங்காளம், பின்னர்ச் சீனம் என்பதே அவர் வகுத்துக்கொண்ட வழி. கோழிக்கோட்டிலிருந்து பத்து நாட் கடற்பயணம். முதலில் இறங்கிய சிறு தீவிலேயே அறிஞரொருவர் அவரை எச்சரித்தார். தலைத்தீவாகிய மாலேக்குச் சென்றால் அமைச்சர் அவரைத் திரும்ப விடமாட்டார். அங்கே காஜி இல்லை என்பதே காரணம். ஆதலின் தாம் யாரென்பதை வெளியிடாமல் எளிய பயணியாகத் தங்கிச் செல்ல எண்ணினார். ஆனால் தில்லியின் முன்னாள் காஜி வந்துள்ளார் என்னும் செய்தி எவ்வாறோ பரவிவிட்டது. சில நாள் தங்க வந்தவர் அத்தீவுகளின் காஜியாக ஆக்கப்பட்டார்.

அக்காலத்து மாலத்தீவைப் பற்றி அவர் தரும் செய்திகள் நமக்கு மிக்க சுவை பயப்பன. கதீஜா என்னும் பெண்ணரசி அங்கே ஆட்சி செய்தார். வெள்ளிதோறும் மிம்பரில் அவர் பெயர் கூறப்பட்டது. தென்னையே மக்களின் வாழ்வு. தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்து மரக்கலம் கட்டினர். சோழிகளே நாணயம், அவை வங்காளம் வரை ஏற்றுமதியாயின. மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தி அயல்நாடுகட்கு அனுப்பினர். நம் காயல்பட்டினத்து, கீழக்கரை வீடுகளில் மாசி என்று மணக்க மணக்கச் சமைக்கப்படுவது அதுவேயன்றோ!

அங்கு அவர் நடந்துகொண்ட முறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. தீவினர் மென்மையானவர்கள், நேர்மையாளர்கள், சண்டையறியாதவர்கள் என்று அவரே எழுதுகிறார். ஆயினும் அவர்களைத் தம் மேலை நாட்டு வழக்கங்களுக்கேற்பத் திருத்திவிட முனைந்தார். ஜும்ஆவுக்கு வாராதோரை அடிப்பித்தார். மகளிரின் உடை முறையை மாற்ற ஆணையிட்டார். தம் வழக்குமன்றத்தின் வாயிலுக்குள்ளன்றி வேறெங்கும் அவ்வாணை செல்லவில்லை. திருட்டுக் குற்றத்திற்கு அவர் விதித்த தண்டனை நிறைவேறியபோது அவையிலிருந்த தீவினர் சிலர் மயங்கி வீழ்ந்தனர். அதிகாரமிக்க குடும்பங்களில் மணம் செய்துகொண்டு செல்வாக்கும் பெற்றார். விரைவில் அமைச்சரோடு பிணக்கு ஏற்பட்டது. 1344 ஆகஸ்டு இறுதியில் தீவுகளை விட்டு நீங்கினார். எழில்மிகு கடற்கரையில் மாதக்கணக்காக வாழ்ந்தவர் வெறுப்போடு வெளியேறினார் என்பது நமக்கு வியப்பளிக்கின்றது. காண வந்தவர் ஆள முற்பட்டதே இதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பாவாத மலை

மஅபர்க் கரையை நோக்கியே கலம் சென்றது. மூன்று நாள் வழி அது. தேர்ந்த வழிகாட்டி இன்மையால் ஒன்பது நாள் கடலில் அலைந்தனர். ஒன்பதாம் நாள் வானில் புகைத்தூண் போல் உயர்ந்த மலையொன்று தோன்றிற்று. அதுவே ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாக முஸ்லிம்கள் பலர் நம்பும் மலை. தமிழ் முஸ்லிம்கள் அதனைப் பாவாத மலை என்பர். சைவர் சிவனொளிபாத மலை என்பர். பௌத்தர் புத்தர் பெருமானின் ஸ்ரீபாதம் என வணங்குவர். 2,243 மீட்டர் உயரமுடைய ஒரே சிகரத்தை இத்துணைச் சமயத்தாரும் நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து நின்று போற்றி வருவது இலங்கைக்கே உரிய பெருமை.

மாலுமிகள் கரையிறங்க அஞ்சினர். அத்துறை ஆரியச் சக்கரவர்த்திக்கு உரியது. யாழ்ப்பாணத்து அரசரான அவருடைய கலங்களைக் கண்டு வணிகர் நடுங்கினர். காற்றோ வலுத்தது. தாமே முதலிற் சென்று பேசுவதாகக் கூறி இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கினார். இன்றும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர் அது. வெள்ளம் அடித்து வந்த கறுவா மரக் கட்டைகள் அக்கரையில் குன்று குன்றாய்க் கிடக்கக் கண்டார்.

இங்குத்தான் அவரது போக்கில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். அரசர் பாரசீக மொழி அறிந்தவர், விருந்தினரை மதித்துப் பேசினார், முத்துக்களைக் காட்டினார், வேண்டுவதைக் கேட்குமாறு கூறினார். செல்வமெல்லாம் இழந்து நின்ற இப்னு பதூதா பொன் கேட்கவில்லை, பதவியும் கேட்கவில்லை. அத்திருப்பாதத்தைக் காண வேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டியது. அரசர் மகிழ்ந்து பல்லக்கும் அதனைச் சுமப்போரும் அளித்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசரின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் உடன் சென்றனர். அவர் வந்த கலமோ திரும்பும் வரை காத்திருக்க ஒப்புக்கொண்டது. அவர் மீளும் வரை மாலுமிகளுக்கு உணவளிக்கும் பொறுப்பையும் அரசரே ஏற்றார்.

முதற்பயணம் செல்வோர் இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று நோக்குதல் நன்று. நாடாள்வோரின் இசைவு, ஆண்டுதோறும் அவ்வழி நடந்து பழகியோரின் துணை, போதிய உணவு, திரும்புவதற்கு ஒரு கலம். இவற்றுள் எதையும் அவர் விலை கொடுத்து வாங்கவில்லை, கேட்டுப் பெற்றார். வேற்றுச் சமயத்து யோகியரும் அந்தணரும் முன்னே வழிகாட்ட, மேலை நாட்டுக் காஜியார் பின்னே நடந்தார். மாலத்தீவில் பிறர்க்கு வழிகாட்ட முயன்றவர் இங்கே பிறர் காட்டிய வழியில் சென்றார்.

சிலாபம் வழியாகச் சென்று காட்டினுள் புகுந்தனர். யானைகள் மிகுந்த காடு அது. ஷீராஸ் நகரத்து ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் பற்றிய செவிவழிச் செய்தியொன்றை இப்னு பதூதா இங்குக் கேட்டறிந்தார். பசி பொறாமல் யானைக் கன்றைக் கொன்று தின்ற தோழர்களை யானைகள் மிதித்துக் கொல்ல, உண்ண மறுத்த ஷைகை மட்டும் ஒரு யானை தன் முதுகில் ஏற்றி ஊர் சேர்த்ததாம். அது முதல் அந்நாட்டார் முஸ்லிம் பயணிகளைத் தம் இல்லங்களில் மதித்து ஏற்றனர் என்கிறார். கதையை அப்படியே கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். காட்டில் எதைத் தொடலாகாது என்பதை அக்கதை கேட்டோர் மறந்திருக்க மாட்டார்.

மழைக்காட்டின் இயல்பை அவர் கூர்ந்து கண்டிருக்கிறார். எக்காலத்தும் இலையுதிராத மரங்களையும், பலநிறப் பூக்களையும், உள்ளங்கை அகலச் செம்மலர்களையும் குறிக்கிறார். உயர்மலையில் இன்றும் செக்கச் செவேலெனப் பூக்கும் மரங்களின் மலராக அஃது இருக்கலாம். அனைத்தினும் நம் மாணவர்க்குப் பயன்படுவது அட்டைகளைப் பற்றி அவர் எழுதியதே. நீரோரப் புல்லிலும் மரத்திலும் இருந்து அவை பயணியின் மேல் தாவி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் குருதி பெருகும். மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிவர்; அட்டை கழன்று வீழும்; பின்னர் அவ்விடத்தை மரக்கத்தியால் சுரண்டுவர். பொருட்படுத்தாது விட்டமையால் குருதியிழந்து மாண்ட பயணியொருவரின் பெயரால் அங்கு ஒரு குகையே வழங்கிற்று. அவர் சென்ற காலம் மழை ஓயாத பருவம் என்பதை அவர் தரும் நாட்கணக்கால் உய்த்துணரலாம். அட்டைத் தொல்லை மிகுந்ததற்கு அதுவே காரணமாகலாம். இன்று மலைப்பயணக் காலம் மார்கழி முழுநிலவை ஒட்டித் தொடங்கி வைகாசி முழுநிலவோடு முடிகின்றது.

சிகரத்திற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று பாவா வழி, மற்றொன்று மாமா வழி. முன்னது ஆதம் (அலை) அவர்களையும் பின்னது ஹவ்வா (அலை) அவர்களையும் குறிப்பது. மாமா வழி எளியது. ஆனால் அவ்வழியே ஏறியவரை மலை கண்டவராக எவரும் மதிப்பதில்லை. கடினமான பாவா வழியே ஏறி, மாமா வழியே இறங்குதல் மரபு. அவ்வாறே செய்தார். செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்துப் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குபவர் வீழ்ந்துவிடுவோமோ என அஞ்சிக் கலிமாவை மொழிவராம். மேலே ஹிள்ர் (அலை) அவர்களின் பெயர் தாங்கிய குகையில் வழக்கப்படி மூன்று நாள் தங்கினார். காலையும் மாலையும் பாதச்சுவட்டைக் காணச் சென்றார். பதினொரு சாண் நீளமுள்ளதாக அதனை அளந்து கூறுகிறார். முகில்கள் தம் காலடிக்குக் கீழே மிதக்கக் கண்டார்.

இறங்கியபின் தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் மீண்டார். கலம் சொன்னபடி காத்திருந்தது.

தமிழ்க் கரையில்

புத்தளத்திலிருந்து நம் கரை நோக்கி வருங்கால் மீண்டும் புயல். மாலுமிகள் பாய்மரத்தை வெட்டி வீழ்த்திக் கட்டுமரங்கள் செய்தனர். தம்மோடிருந்த பெண்களையும் தோழர்களையும் அவற்றில் அனுப்பிவிட்டு இப்னு பதூதா உடைந்த கலத்தின் பின்புறத்தில் இரவெல்லாம் பற்றிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அக்கரையின் இந்து மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். அவர் கரையேறிய ஊர் எதுவென நூல் தெளிவாகக் கூறவில்லை. சோழமண்டலக் கரையின் எப்பட்டினத்தாரும் அப்பெருமையைத் தமதாக்கிக்கொள்ளலாம்.

அந்நாளில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு மஅபரை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன். இப்னு பதூதாவின் தில்லி மனைவியின் உடன்பிறந்தாளை மணந்தவர். அவர் பாசறையில் நம் பயணி கண்ட கொடுமைகள் நெஞ்சை நடுங்கச் செய்வன. சிறைப்பட்ட இந்து மக்களை, பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, சுல்தான் வதைத்துக் கொன்றார். தம் உறவினர், தமக்குச் சோறிட்டவர் என்று பாராமல் அக்கொடுமையை இப்னு பதூதா வன்மையாகக் கண்டித்து எழுதினார். சுல்தானுக்கு விரைந்து வந்த சாவு அதன் விளைவே என்றும் கருதினார். முஸ்லிம் ஆட்சியாளரின் குற்றத்தை ஒரு முஸ்லிம் அறிஞரே பதிந்து வைத்தமை வரலாற்றுக்குச் செய்த தொண்டாகும்.

ஆனால் இங்கேயே அவரிடமும் ஒரு பெருங்குறை தென்படுகிறது. மாலத்தீவின் மீது படையெடுக்குமாறு இச்சுல்தானைத் தூண்டியவர் அவரே. தமக்குக் கதவு திறந்த தீவு, பெண் கொடுத்த தீவு, தம் வித்தைச் சுமந்திருந்த மனைவி வாழ்ந்த தீவு! கலங்கள் ஆயத்தம் செய்யவும் ஆணை பிறந்தது. கடற்படைத் தலைவரோ மூன்று மாதங்கட்குக் காற்று இசையாது என்றார். அதற்குள் மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று, சுல்தானும் மாண்டார். அத்தீவுகளைக் காத்தது பருவக்காற்றே எனலாம். இச்செய்தியை எழுதியவரும் வேறு எவருமல்லர், அவரேதான். எழுதாமல் விட்டிருந்தால் நாம் அறிந்திருக்கப் போவதில்லை.

அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இறந்துபடுவோம் என்றே எண்ணினார். அப்போது இறைவன் தம் உள்ளத்தில் புளியின் நினைவை எழுப்பினான் என்கிறார். ஓர் இராத்தல் அளவு புளியை நீரில் கரைத்துக் குடித்தார். வயிறு கழிந்து மூன்று நாளில் தேறினார். புதிய சுல்தான் படையெடுப்புக்குக் காத்திருக்குமாறு கூறியும் அவர் இசையவில்லை. பத்தன் என்று தாம் குறிக்கும் துறையிலிருந்து கலமேறினார்.

வழியில் கடற்கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக் காற்சட்டையோடு கரையில் விட்டனர். மீண்டும் மாலத்தீவு சென்றார், இம்முறை தம் சிறுமகனைக் காண. உடன் அழைத்துச் செல்லும் எண்ணமிருந்தது. ஆயினும் தாயிடமே விட்டுவிடுதல் அவனுக்கு நல்லது எனத் தெளிந்து ஐந்து நாளில் புறப்பட்டார். பின்னர் வங்காளம், சுமாத்திரா, சீனம். சீனத்தில் அவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே ஐயமுண்டு.

1349-இல் மொராக்கோ மீண்டார். தந்தையார் இறந்து பல ஆண்டுகளாகியிருந்தன. அன்னையாரோ அவர் வருவதற்குச் சில மாதங்கட்கு முன்பே கொள்ளைநோயில் மறைந்துவிட்டார். அதன்பின்னும் அந்தலூசியாவும், சகாரா கடந்து மாலி நாடும் கண்டார். மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி, இப்னு ஜுஸை என்னும் எழுத்தாளர் எழுத, தம் பயணங்களை நினைவிலிருந்து சொல்லி 1355 டிசம்பரில் முடித்தார். அவர் நடந்தும் மிதந்தும் கடந்த தொலைவை ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடுவர். எஞ்சிய நாட்களைத் தம் நாட்டிலேயே காஜியாகக் கழித்து, 1368-69 அளவில் மறைந்தார் என்பர். 1377 என்பாரும் உளர்.

நம் மாணவர்கள் தைத் திங்களில் புறப்படுவதென முடிவு செய்துள்ளனர். நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் தொடங்கப்பட்ட பயணியர் கப்பலைப் பற்றி விசாரித்து வருகின்றனர். எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலை நம்மிடம் காட்டினர். குடை இருந்தது, கைவிளக்கு இருந்தது, படப்பெட்டி இருந்தது, எலுமிச்சம்பழம் இல்லை. அதனை எழுதிக்கொள்ளச் சொன்னோம். அருகிருந்து இவ்வரலாற்றைக் கேட்ட மாணவரொருவரின் அன்னையார் எழுந்து உள்ளே சென்றார். ஒரு கைப்பிடிப் புளியைத் தாளில் பொதிந்து வந்து பட்டியலின் மேல் வைத்தார்.